ஜெர்மன் படிக்க: சென்னையா, ஆன்லைனா, புதுச்சேரி டியூஷனா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஸ்டாஃப் நர்ஸ், அப்புறம் என் சித்தி பையன். மூவரும் கேட்டது ஒன்றேதான்: "அக்கா, ஜெர்மன் எங்கே படிக்கிறது?" டூட்டி மாறுகிற நேரத்தில் நின்றுகொண்டே ஆளுக்கு ஒரு பதில் அரைகுறையாகச் சொன்னேன். அது மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வேலை புதுச்சேரியில். 2023 ஜூனில் ஏ1 தொடங்கி 2025 கடைசியில் பி2 முடித்தேன். ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறிக்கொண்டே போகும் இவை மொழித் தேர்ச்சியின் படிகள். பி1 வரைக்கும் ஆன்லைன். பி1 தேர்வில் எழுத்துப் பகுதியில் தவறிய பிறகு லாஸ்பேட்டையில் ஒரு சாரிடம் டியூஷன். இந்த இரண்டும் நான் காசும் நேரமும் கொடுத்துப் பார்த்தவை. சென்னை வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை. என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா அங்கே தங்கிப் படித்தார். அவர் சொன்னதையும், தேர்வுக்குப் போனபோது நான் கண்டதையும் வைத்துத்தான் அதைப் பற்றிச் சொல்ல முடியும். இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் டியூஷன் பக்கம்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு ஏன் ஜெர்மன், பிரெஞ்சு படிக்கலாமே என்று கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். அலியான்ஸ் பிரான்சேஸ் மொழி மையம் இருக்கிறது, லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளி இருக்கிறது, பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது, வீட்டில் பிரெஞ்சு பேசும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். மொழி மேல் ஆசை என்றால் பிரெஞ்சு படியுங்கள், ஊரே துணைக்கு வரும். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக வேண்டும் என்றால் கணக்கு வேறு. திறன் பெற்ற இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 20,000 என்றிருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக்குவதாக ஜெர்மன் அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அங்கே நர்ஸாகப் பதிவாக நம் படிப்பை அங்கீகரிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். அதனால் ஜெர்மன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் படித்தால் செலவு அதிகம், பெயர் பெரிது. ஆன்லைனில் அலைச்சல் இல்லை. டியூஷன் மலிவு, ஆனால் சொல்லிக்கொடுப்பவரைப் பொறுத்தது. கோதே இன்ஸ்டிடியூட் நடத்தும் பி1, பி2 தேர்வு எங்கே படித்தாலும் ஒன்றுதான்: வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றும் நூற்றுக்கு, ஒவ்வொன்றிலும் 60 எடுக்க வேண்டும். பி1-இலும் பி2-இலும் தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். எந்த வகுப்பில் படித்தாய் என்று தேர்வறையில் யாரும் கேட்பதில்லை.

நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் கோதே இன்ஸ்டிடியூட்டைப் பெரியவர்கள் இன்னும் மாக்ஸ் முல்லர் பவன் என்றுதான் சொல்கிறார்கள். அக்கா அங்கே படித்ததைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொன்னதில்லை. ஆசிரியர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், வகுப்பில் முதல் நாளிலிருந்தே ஜெர்மனில்தான் பேசுவார்கள், நூலகம் இருக்கிறது, தேர்வு நடத்துபவர்களே பாடமும் நடத்துவதால் தேர்வின் போக்கு கைக்கு வந்துவிடும் என்றார். அவர் வேலையை விட்டுவிட்டு, சூளைமேட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தார். அங்கேதான் எனக்கு இடித்தது. வாரக் கடைசி வகுப்புக்கு இங்கிருந்து போய் வரலாமே என்று நானும் யோசித்தேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை சுமார் 150 கிலோமீட்டர். கடலூரிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் கூட. சனிக்கிழமை நைட் டூட்டி முடித்துவிட்டு ஞாயிறு விடியலில் பஸ் ஏறி, வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருக்க என்னால் ஆகாது. வேலையை விடும் நிலையிலும் வீடு இல்லை. இந்த இரண்டும் உங்களுக்குத் தடையாக இல்லை என்றால் சென்னைக்கே போங்கள். அதற்குமேல் இதைப் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

என்னைப் போல் இங்கேயே இருந்து படிக்க வேண்டியவர்களுக்குத்தான் மிச்சம்.

நான் ஆன்லைனில் சேர்ந்த நிறுவனம் பெரியது. பெயர் வேண்டாம். ஏ1 முதல் பி1 வரை சேர்த்து ஒரே பேக்கேஜ், வாரத்தில் நான்கு நாள், ராத்திரி எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை. ஆசிரியை நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இலக்கணத்தைப் படம் போட்டு, நிறம் பிரித்து, அழகாக விளக்குவார். வகுப்பு முடிந்ததும் வீடியோ வந்துவிடும், பஸ்ஸில் திரும்பப் பார்க்கலாம். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று போகும் அந்த முக்கால் மணி நேரப் பஸ் பயணத்தில் நான் பார்த்த பாடங்கள் ஏராளம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தபோது எங்கள் டியூஷன் பத்து நாள் நின்றது. லாஸ்பேட்டையில் தண்ணீர், கடலூரில் தென்பெண்ணை ஊருக்குள். ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்த தோழிக்குக் கரண்ட் வந்த மறுநாளே வகுப்பு நடந்தது. இதெல்லாம் உண்மையான வசதிகள், மறுக்க மாட்டேன்.

ஆனால் வகுப்பில் ஐம்பத்தைந்து பேர். தொண்ணூறு நிமிஷத்தில் ஆசிரியை வாயே திறக்காமல் எங்களையே பேச விட்டாலும் ஆளுக்கு ஒன்றரை நிமிஷம் வரும். நடந்தது என்னவென்றால் நான்கைந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். வீட்டுப்பாடத்தை அனுப்பினால் இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் வரும், கூடவே "குட்" என்று ஒரு வார்த்தை. ஜெர்மனில் அதற்கு 'நன்று' என்று பொருள். அதைப் பார்த்து எனக்கும் நன்றாகத்தான் போகிறது என்று இருந்தேன்.

2024 மே மாதம் பி1 எழுதினேன். வாசிப்பு 78, கேட்டல் 71, பேச்சு 66. எழுத்து 52.

அன்று ராத்திரி நான் அழுதேன். பதினொரு மாதம் ஒரு வகுப்பு விடாமல் கேட்டவள் நான். எங்கே தப்பு என்றே எனக்குத் தெரியவில்லை. மதிப்பெண் வந்தது, தாள் வராது. எது தவறு என்று காட்ட ஆளில்லை. அதுவரை காட்டிய ஆளும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திருத்தம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். ஜெர்மன் வகுப்பைத் தேர்வு செய்யும்போது கட்டணம், நேரம், ஆசிரியரின் பட்டம், புத்தகம், ஆப் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க வேண்டியது: நான் எழுதுகிற, பேசுகிற வாக்கியத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? வாரத்துக்கு எத்தனை வாக்கியம்? பார்த்துவிட்டு என்ன செய்வார்கள்?

பி2 எட்ட 45 நிமிஷப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை ஆகும் என்பது கோதே இன்ஸ்டிடியூட் சொல்லும் கணக்கு. அவ்வளவு வேளையும் கேட்டுக்கொண்டே இருந்தால் கேட்கத்தான் பழகும். எனக்கு அதுதான் நடந்தது. மதிப்பெண்ணே அதைக் காட்டுகிறது.

லாஸ்பேட்டை சார் ஸ்டுட்கார்ட்டில் பல வருஷம் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றுத் திரும்பியவர். மாடியில் ஒரு அறை, எட்டுப் பேர், வாரம் மூன்று நாள். மாதம் 3,000 ரூபாய். முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார், பி1 தேர்வில் வருகிற மாதிரித் தோழிக்கு 80 வார்த்தையில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பச்சை மையில் பத்தொன்பது வட்டம். சரியான விடை ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு வட்டத்தின் கீழும் ஓர் எண் மட்டும். 1 என்றால் வினைச்சொல் இருக்கும் இடம் தவறு, 2 வேற்றுமை, 3 பால், 4 காலம், 5 எழுத்துப்பிழை. "நீயே சரி பண்ணிக் கொண்டா" என்றார். சரி செய்து கொண்டுபோனால் மறுபடி வட்டம் போடுவார். மூன்றாவது தடவைதான் விடை சொல்வார், அதுவும் காரணத்தோடு.

என் முதல் வட்டம் இதுதான். நான் புதுச்சேரியில் இரண்டு வருஷமாக வேலை பார்ப்பதைச் சொல்ல, "இஹ் ஹாபெ ஸைட் ட்ஸ்வை யாரெ கெஆர்பைடெட்" என்று எழுதியிருந்தேன். கீழே 4. எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு தடவை மாற்றி எழுதியும் வட்டம் போகவில்லை.

"இதைத் தமிழ்ல சொல்லும்மா" என்றார்.

"நான் ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன்."

"பார்க்கிறேன், என்ன காலம்?"

"நிகழ்காலம் சார்."

"அவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. நீ ஏன் இங்கிலீஷ் வழியா சுத்திப் போற?"

"இஹ் ஆர்பைடெ ஸைட் ட்ஸ்வை யாரன்." அவ்வளவுதான். தமிழில் 'வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வதை ஜெர்மனிலும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று சுற்றிப் போக வேண்டும். எனக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தது ஆங்கிலம் வழியாக. அந்தச் சுற்று அப்படியே என் ஜெர்மனில் வந்து உட்கார்ந்துவிட்டது. 'யாரெ' என்பது 'யாரன்' ஆனது ஸைட் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் வேற்றுமையால். அதற்குத் தனியாக ஒரு 2 போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு தமிழ் எனக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்று கவனிக்கத் தொடங்கினேன். "எனக்குக் குளிருது" என்போம், "நான் குளிர்" என்று சொல்ல மாட்டோம். ஜெர்மனிலும் "மீர் இஸ்ட் கால்ட்", அதாவது 'எனக்கு'. ஆங்கிலத்தைப் பார்த்து "இஹ் பின் கால்ட்" என்று எழுதினால் மனசில் ஈரமில்லாத ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள். நோயாளியிடம் "உங்களுக்கு எங்கே வலிக்குது" என்று கேட்பதற்கு அவர்கள் சொல்வது "வாஸ் டூட் ஈனன் வே". அந்த 'ஈனன்' நம் 'உங்களுக்கு'. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, எல்லாமே 'எனக்கு' என்றுதான் தொடங்கும். வார்டில் தினம் சொல்கிற வாக்கியங்கள் இவை. நான்காம் வேற்றுமையை நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமோ இல்லையோ, வாயில் வைத்திருக்கிறோம்.

நீ, நீங்கள் வித்தியாசமும் அப்படியே. 'டூ' நெருங்கியவர்களுக்கு, 'ஸீ' மரியாதைக்கு. ஆங்கிலம் வழி படித்தபோது இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் எது எங்கே என்று அட்டவணை போட்டுப் படித்தேன். சாரிடம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவதைப் பார்த்து வட இந்தியத் தோழி ஒருத்தி மிரண்டதாக ஆன்லைன் வகுப்பில் சொன்னாள். அவளும் ஆங்கிலம் வழியாகத்தான் யோசித்திருப்பாள். "வைல் இஹ் க்ராங்க் பின்" என்பதில் 'பின்' கடைசியில் நிற்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று வேறெங்கே நிற்கும்?

பால்தான் எல்லோரையும் பயமுறுத்தும். டேர், டீ, டாஸ். மேசை ஆண்பால், செய்தித்தாள் பெண்பால், சிறுமி அஃறிணை. சிறுமி எப்படி அஃறிணை என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். சார், "உங்க வீட்ல பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்குன்னு சொல்றதில்லையா" என்றார். 'மேட்ஹென்' என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் 'ஹென்' எந்தச் சொல்லில் ஒட்டினாலும் அது டாஸ் ஆகிவிடும் என்ற விதியும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து பதிந்துவிட்டது. 'உங்' என்று முடிவது பெரும்பாலும் டீ. இப்படிச் சில கைப்பிடிகள் உண்டு. மிச்சத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், குறுக்கு வழி இல்லை.

தமிழ் உதவாத இடமும் இருக்கிறது. "ட்ரே மேசைமேல இருக்கு", "ட்ரேயை மேசைமேல வை". நமக்கு இரண்டும் 'மேசைமேல'. அவர்களுக்கு இருக்கிறது என்றால் "அவுஃப் டேம் டிஷ்", வை என்றால் "அவுஃப் டேன் டிஷ்". ஒரு ம், ஒரு ன். என் நோட்டில் அதிகம் விழுந்த எண் 2; அதில் பாதிக்கு மேல் இந்த ம்-ன் தகராறுதான். முதல் மாதக் கடைசியில் சார் எல்லோரையும் அவரவர் வட்டங்களை எண்ணச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஜினியரிங் பையனுக்கு 3 அதிகம், எனக்கு 2. அவனுக்கு வேறு பயிற்சி, எனக்கு வேறு பயிற்சி. ஐம்பத்தைந்து பேர் வகுப்பில் இதைச் செய்ய எந்த ஆசிரியராலும் முடியாது, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

பத்தாவது மின்னஞ்சலில் ஆறு வட்டம். பி1 எழுத்துப் பகுதியைத் திரும்ப எழுதியபோது 81.

வாயில் விழும் தவறுகள்

எழுத்தையாவது யாருக்காவது அனுப்பித் திருத்தி வாங்கிவிடலாம். உச்சரிப்புக்கு எதிரில் ஆள் வேண்டும்.

நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. நானும் செய்தேன். புதுச் சொல் வந்தால் நோட்டில் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைத்துக்கொள்வது. இப்போது நான் இதில் எழுதிக்கொண்டிருப்பது மாதிரி. படிக்க வசதிதான், ஆனால் நம் எழுத்தில் ப-வும் ட-வும் க-வும் இரண்டிரண்டு ஒலிக்குப் பொது. 'டாங்கன்' என்று எழுதி வைத்தேன். நன்றி சொல்வதற்கும் அதுதான், வண்டிக்குப் பெட்ரோல் போடுவதற்கும் அதுதான். அவர்கள் காதுக்கு முதல் எழுத்து வேறு வேறு. 'கார்டன்' என்று எழுதினால் தோட்டமா, சீட்டுக்கட்டா? பதினொரு மாதமும் நான் எல்லாவற்றையும் மென்மையாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆன்லைனில் பேசிய அந்த ஒன்றரை நிமிஷத்தில் அது யார் காதிலும் விழவில்லை. சார் இரண்டாம் நாளே பிடித்தார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னார். வல்லோசைக்குக் கையில் காற்று அடிக்க வேண்டும், மெல்லோசைக்கு அடிக்கக் கூடாது. அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்து முணுமுணுத்தபடி போனேன். நோட்டில் தமிழில் எழுதுவதையும் அன்றோடு விட்டேன்.

இன்னொன்று உ-வுக்கும் இ-க்கும் நடுவில் கிடக்கும் அந்த ஒலி. 'ஈ' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவிக்க வேண்டும். கேட்டுப் பழகினால் வராது, செய்து பார்த்து, எதிரில் ஒருவர் "இல்லை, இன்னொரு தடவை" என்று சொல்லச் சொல்லத்தான் வரும். அது வராவிட்டால் சமையலறையும் கேக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்கும். பரவாயில்லை என்று விடலாம். அழுத்துவது என்ற சொல்லும் அச்சடிப்பது என்ற சொல்லும் அந்த ஒரு ஒலியில்தான் வேறுபடுகின்றன. நோயாளியிடம் பெல்லை அழுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய வேலைக்குப் போகிறவள் நான்.

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது தமிழ் படித்த விதம் இங்கே ஞாபகம் வருகிறது. வாத்தியாரை வரவழைத்து, பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார் அந்த ஜெர்மானியர். பத்து வருஷத்தில், 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது. கடலூரிலிருந்து தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது தரங்கம்பாடி. மணலில் எழுதினால் வாத்தியார் அங்கேயே அழித்து, அங்கேயே திரும்ப எழுத வைக்கலாம்.

ஆப் பற்றிக் கேட்பீர்கள். டுவோலிங்கோ நானும் வைத்திருந்தேன். சொல் சேர்க்க நல்லது, தினம் தொடுகிற பழக்கத்துக்கு நல்லது. அது கொடுத்த வாக்கியத்தை நிரப்புவோம். நம் வாக்கியத்தை அது கேட்பது குறைவு. சாட்ஜிபிடி திருத்தித் தருமே என்று தம்பி சொன்னான். தரும். சும்மா கொடுத்தால் முழுவதையும் மாற்றி எழுதி அழகாகத் தந்துவிடும், படித்துவிட்டு அடுத்த நாள் அதே தவறைச் செய்வோம். "விடை சொல்லாதே, எங்கே தவறு என்று மட்டும் காட்டு" என்று கேட்டு வாங்கினால் பயன் உண்டு. டியூஷன் இல்லாத நாட்களில் அப்படிச் செய்கிறேன். உள்ளங்கையில் காற்று அடிக்கிறதா என்று எட்டிப் பார்க்க அதற்கு வழியில்லை.

டியூஷனில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது, சின்னதும் இல்லை. ஒரே குரலைக் கேட்டுப் பழகிவிடுவோம். சாருக்கு ஸ்டுட்கார்ட் பக்கத்து ஏற்ற இறக்கம். தேர்வில் ஒலிப்பதிவு போட்டதும் எனக்கு முதல் நிமிஷம் தடுமாறியது. இதற்கு டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பின் இலவசப் பாடங்கள் நல்ல மாற்று. மெதுவாக வாசிக்கும் செய்தியும் உண்டு. பி2-வுக்கு நான் ஆறு மாதம் காலைப் பஸ்ஸில் அதைத்தான் கேட்டேன். ஆரோவில்லில் இருக்கும் வெளிநாட்டவரில் பிரெஞ்சுக்காரர்களுக்கு அடுத்தபடியாக ஜெர்மானியர்கள்தான் அதிகம். அங்கே வேலை பார்க்கும் தோழி மூலம் ஒரு வயதான அம்மாவைப் பழக்கம் பிடித்து மாதம் இரண்டு ஞாயிறு பேசப் போனேன். அவர் என்னை ஒருநாள் "ஷ்வெஸ்டர்" என்று கூப்பிட்டார். நம் ஊரில் சிஸ்டர் என்பது மாதிரியேதான். 2020-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஜெர்மனியில் புதுப் படிப்பு முடித்து வருகிறவர்களின் தொழிற்பெயர் வேறு, 'ப்ஃப்ளேகெஃபாஹ்ஃப்ராவ்'. ஆனால் கூப்பிடுகிற வாய் பழையபடி சகோதரி என்றுதான் கூப்பிடுகிறது.

இன்னொரு குறை: தனி ஆளை நம்பிப் படிக்கிறோம். சாருக்கு உடம்பு சரியில்லை என்றால் வகுப்பு இல்லை. பி2-வுக்கு மேல் நான் அவரிடம் படிக்கவில்லை, அதனால் சி1-க்கும் டியூஷன் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அளவுக்குப் போகிறவர்களுக்குச் சென்னைதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது, அனுபவத்தில் சொல்லவில்லை. ஆன்லைனிலும் நான்கைந்து பேர் வைத்து நடத்துகிறவர்கள் உண்டு. அங்கே வாக்கியத்தைப் பார்த்துத் திருத்தினால் என் குறை அங்கே பொருந்தாது. தனியாகக் கேமரா முன்னால் உட்கார்ந்து படித்த அனுபவம் எனக்கு இல்லை.

டியூஷன் என்று போர்டு போட்ட எல்லா இடமும் லாஸ்பேட்டை மாடி ஆகாது. முதலில் நான் போய்ப் பார்த்த இடத்தில், சொல்லிக்கொடுப்பவரே ஏ2 வரைதான் படித்திருந்தார். கேட்டதற்குக் கோபப்பட்டார். கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படாதீர்கள். என்ன நிலை வரை தேர்வு எழுதியிருக்கிறார், சான்றிதழ் இருக்கிறதா, அல்லது எத்தனை வருஷம் அங்கே இருந்தார் என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், பழைய மாணவர் ஒருவரின் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். நோட்டில் மை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டிக் மட்டும் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் எத்தனை வாக்கியம் சொன்னார்கள் என்று விரலில் எண்ணுங்கள். ஒரு கையில் எண்ணி முடித்துவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

நான் தேர்வு எழுதியது சென்னையில். தேதி வந்ததும் பதிவு செய்துவிடுங்கள், முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். நான் பி1-க்கு விடியற்காலை பஸ்ஸில் போய் நேராகத் தேர்வறையில் உட்கார்ந்தேன். பி2-வுக்கு அண்ணா நகரில் பெரியம்மா வீட்டில் தங்கினேன். கேட்டல் பகுதியில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. பி2 எழுத்துக்கு 75 நிமிஷம், இரண்டு கேள்வி, 150 வார்த்தையில் கருத்து ஒன்று, 100 வார்த்தையில் அலுவலகக் கடிதம் ஒன்று. கடைசிப் பத்து நிமிஷத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நானே என் தாளில் மனசுக்குள் வட்டம் போட்டுப் பார்த்தேன். 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக. ஏழு இடத்தில் திருத்தினேன், அதில் நான்கு அந்த ம்-ன்.

சான்றிதழில் காலாவதித் தேதி அச்சடிப்பதில்லை. ஆனால் பழையதாகிவிட்டால் வேலை கொடுக்கும் இடத்தில் புதிதாக எழுதி வரச் சொல்லலாம். அதனால் இப்போதும் வெள்ளிக்கிழமை மட்டும் லாஸ்பேட்டைக்குப் போகிறேன். புதுப் பாடம் எதுவும் இல்லை. வார்டில் அந்த வாரம் நடந்ததை ஒரு பக்கம் ஜெர்மனில் எழுதிக்கொண்டு போவேன், நோயாளி பெயர் இல்லாமல், ஒரு டூட்டி ரிப்போர்ட் போல. போன வாரம் மூன்று வட்டம் வந்தது. இரண்டுக்குக் கீழே 2.